வைரஸ் தொற்றும் இரத்தப் புற்றுநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்தப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் லுக்கேமியா (இரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் வருவது), லிம்ஃபோமா (நிணநீர் மண்டலத்தில் வருவது), மைலோமா (மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா அணுக்களில் வருவது) என்று அது பல நோய்களின் கூட்டம். சிலவற்றுக்குப் பின்னால் வைரஸ் இருப்பது உறுதி. சிலவற்றில் சந்தேகம் மட்டுமே. பலவற்றில் வைரஸுக்கு வேலையே இல்லை. "யாரிடமிருந்து தொற்றியது?" என்றுதான் குடும்பங்கள் முதலில் கேட்கின்றன. அதைவிட "எந்த வைரஸுக்குப் பரிசோதிக்க வேண்டும், எப்போது?" என்ற கேள்வி நோயாளிக்கு அதிகம் உதவும். கீழே உள்ள பதில்கள் அதை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

அப்பாவுக்கு லிம்ஃபோமா. அவருடைய தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா?

வேண்டாம். இரத்தப் புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. அவர் எச்சில் பட்ட டம்ளரில் நீங்கள் குடித்தாலும், பேரப்பிள்ளை அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாலும் நோய் தாவாது. நோய்க்குப் பின்னால் ஈபிவி என்ற எப்ஸ்டைன்-பார் வைரஸ் இருந்தாலும் பதில் இதுதான். அந்த வைரஸ் உமிழ்நீரில் பரவுவது உண்மை. ஆனால் உலகில் பெரியவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் உடலில் அது ஏற்கனவே தங்கியிருக்கிறது. பெரும்பாலும் உங்கள் உடலிலும்தான்.

ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி மூன்றும் வேறு கணக்கு. அவை இரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் பரவும். அவை இருந்தால் சவரக்கத்தி, பல்துலக்கி, நகவெட்டி ஆகியவற்றை மட்டும் பகிர வேண்டாம். சோறு, தட்டு, கழிவறை எதற்கும் தடையில்லை.

தட்டைப் பிரித்து வைத்தால் அப்பாவின் மனம் புண்படுவதுதான் மிச்சம். கவனம் எதிர்த்திசையில் தேவை: சளி, இருமல், அம்மை உள்ளவர்களிடமிருந்து அவரைக் காக்க வேண்டும்.

வைரஸ் எப்படிப் புற்றுநோயை உண்டாக்குகிறது?

மூன்று வழிகள் தெளிவாகத் தெரிந்தவை. முதலாவது, வைரஸ் நேரே வெள்ளணுவுக்குள் புகுந்து "பெருகு, சாகாதே" என்று கட்டளையிடும் புரதங்களை அங்கேயே தயாரிப்பது. ஈபிவியும், எச்டிஎல்வி-1, எச்எச்வி-8 என்ற வேறு இரண்டு வைரஸ்களும் இப்படிச் செய்பவை. இரண்டாவது, ஹெபடைட்டிஸ் சி போல ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கி எதிர்ப்பணுக்களை ஓயாமல் தூண்டுவது. ஓய்வின்றிப் பிரியும் அணுவில் என்றைக்காவது மரபணுப் பிழை விழும். மூன்றாவது எச்ஐவியின் வழி: அது பெரும்பாலும் உடலின் காவலாளியான எதிர்ப்பாற்றலை ஒழிக்கிறது, பிறகு உள்ளே அடங்கிக் கிடந்த ஈபிவி தலைதூக்குகிறது.

டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் 1958இல் உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் கட்டிகளை விவரித்தார். அந்தக் கட்டியின் அணுக்களிலிருந்துதான் எப்ஸ்டைன், அச்சோங், பார் மூவரும் 1964இல் ஈபிவியைக் கண்டார்கள். வைரஸ் உலகெங்கும் இருக்கிறது, ஆனால் அந்தக் கட்டி மலேரியா கடுமையாக உள்ள வட்டாரங்களில்தான் மிகுதி. ஆகவே வைரஸ் மட்டும் போதாது. எதிர்ப்புரதம் தயாரிக்கும் வெள்ளணுக்களான பி அணுக்களை மலேரியா மீண்டும் மீண்டும் தூண்டுகிறது. 8ஆம் குரோமோசோமில் உள்ள மிக் என்ற மரபணு இடம்பெயர்ந்து, பெரும்பாலும் 14ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்கிறது. எந்நேரமும் முடுக்கிவிட்டபடியே அணு ஓடுகிறது. ஒரு நோய்க்கு இத்தனை கைகள் சேர வேண்டியிருக்கிறது. ஈபிவி உள்ள மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் ஒன்றும் ஆகாமல் இருப்பது இதனால்தான்.

உடல்நலப் பரிசோதனைத் தொகுப்பில் "ஈபிவி பாசிட்டிவ்" என்று வந்திருக்கிறது. லுக்கேமியா வருமா?

சிங்கப்பூரில் இந்தப் பயம் அடிக்கடி எழுகிறது. தனியார் தொகுப்புகள் பலவற்றில் ஈபிவி பரிசோதனை சேர்ந்திருப்பதற்குக் காரணம் இரத்தப் புற்றுநோய் அல்ல. மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் வரும் புற்றுநோய்க்காக அதைச் சேர்க்கிறார்கள். அது சீன ஆண்களிடம் அதிகம், இந்தியர்களிடம் குறைவு.

தாளில் எந்த எதிர்ப்புரதம் என்று பாருங்கள். ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்துபோன தொற்று, கவலைக்கு இடமில்லை. ஐஜிஎம் பாசிட்டிவ் பெரும்பாலும் அண்மையில் வந்த தொற்றைக் காட்டும். ஐஜிஏ பாசிட்டிவ் என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் மெல்லிய குழாய்க் கருவியால் மூக்கின் பின்புறத்தைப் பார்ப்பார். இந்த மூன்றில் எதுவுமே லுக்கேமியாவுக்கோ லிம்ஃபோமாவுக்கோ உரிய சோதனை அல்ல.

மகளுக்குச் சுரப்பிக் காய்ச்சல் வந்தது. பிற்காலத்தில் புற்றுநோய் வருமா?

பதின்ம வயதில் ஈபிவி முதன்முறை தொற்றினால் தொண்டைவலி, கழுத்துக் கட்டி, வாரக்கணக்கில் அசதி என்று வரும். அதுதான் சுரப்பிக் காய்ச்சல். டென்மார்க், சுவீடன் தரவுகளை வைத்து 2003இல் வெளியான ஆய்வு, இந்தக் காய்ச்சலுக்குப் பின் ஈபிவி சார்ந்த ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா வரும் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. இடைவெளி சராசரியாக 4 ஆண்டுகள். ஆனால் கூடிய பிறகும் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். இதற்காக ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை.

கட்டியைக் கவனியுங்கள். காய்ச்சல் போய் 4 வாரத்துக்குப் பிறகும் வற்றாத கட்டி, 2 செ.மீ.க்கு மேல் வளரும் கட்டி, காறை எலும்புக்கு மேலே தெரியும் கட்டி, இரவில் தலையணை நனையும் வியர்வை, 6 மாதத்தில் 10 விழுக்காடு எடைக்குறைவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் பலதுறை மருந்தகத்தில் காட்டி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். நம்மவர்களிடம் காசநோயும் இதே இடத்தில், இதே உருவில் வரும். அதனால் திசு எடுத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர முடியாது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. கட்டி வற்றட்டும் என்று ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டு லிம்ஃபோமா அணுக்களைத் தற்காலிகமாகக் கரைத்துவிடும். பிறகு எடுக்கும் திசுவில் ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் கட்டி திரும்பி வரும். திசு எடுக்கும்வரை, மருத்துவர் அவசரம் என்று சொன்னாலொழிய, ஸ்டீராய்டு கூடாது. முடிந்தால் ஊசியால் உறிஞ்சுவதைவிட முழு நிணநீர்க் கணுவையும் வெட்டி எடுப்பதே மேல்.

டெங்கியில் தட்டணுக்கள் குறைந்தன. அது லுக்கேமியாவின் தொடக்கமா?

டெங்கி லுக்கேமியாவை உண்டாக்குவதில்லை. ஆனால் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இரண்டிலும் சரிவதால் குழப்பம் வருகிறது. டெங்கியில் அவை 4 முதல் 6ஆம் நாள் வாக்கில் மிகக் குறைந்து, பெரும்பாலும் 10ஆம் நாளுக்குள் ஏறத் தொடங்கும்.

இரத்த அணு எண்ணிக்கைத் தாளில் இன்னொரு வரியையும் பாருங்கள். கடுமையான டெங்கியில் நீர் இரத்தக்குழாயை விட்டுக் கசிவதால் இரத்தம் கெட்டியாகி ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும். லுக்கேமியாவில் எலும்பு மஜ்ஜை புற்றணுக்களால் நிரம்பிப்போவதால் ஹீமோகுளோபின் இறங்கும். இரத்தக்கசிவு எதுவும் இல்லாமல் தட்டணுவும் ஹீமோகுளோபினும் சேர்ந்து இறங்கினால், அல்லது காய்ச்சல் விட்டு 2 வாரம் ஆகியும் எண்ணிக்கை தேறாவிட்டால், மீண்டும் இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் அணுக்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திசு அறிக்கையில் "ஈபர் பாசிட்டிவ்" என்று இருக்கிறது. அதற்கு என்ன பொருள்?

ஈபிவி குடியேறிய அணுவில் ஈபர் என்ற சிறு ஆர்என்ஏ ஏராளமாக இருக்கும். அதோடு மட்டும் ஒட்டும் சாயத்தைத் திசுத்துண்டின் மேல் விடுவார்கள். வைரஸ் உள்ள அணுவின் உட்கரு கருநீலப் புள்ளியாகத் தெரியும். இல்லாத அணு வெளிறியே இருக்கும். அங்கங்கே இரண்டொரு புள்ளி தெரிந்தால் அது வழிப்போக்கனாக வந்த சாதாரண பி அணு. புற்றணுக்களே கருநீலமாக நிறைந்திருந்தால்தான் வைரஸுக்குப் பங்குண்டு என்று சொல்லலாம். வளர்ந்த நாடுகளில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவில் ஏறத்தாழ 40 விழுக்காடு இப்படிப்பட்டவை.

ஈபர் பாசிட்டிவ் என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருளல்ல. இரத்தத்தில் ஈபிவி டிஎன்ஏ அளவைச் சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுத்தால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். எல்லா அளவையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே வகை மாதிரியில் எடுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்மாவில் எடுத்த எண்ணையும் முழு இரத்தத்தில் எடுத்த எண்ணையும் ஒப்பிட முடியாது.

மூக்கில் வரும் லிம்ஃபோமா பற்றிக் கேள்விப்பட்டோம்.

என்கே/டி லிம்ஃபோமா. கிழக்காசியாவில் மேற்கத்திய நாடுகளைவிட அதிகம். கிட்டத்தட்ட எல்லா நோயாளியின் கட்டியிலும் ஈபிவி உண்டு. ஒரு பக்க மூக்கடைப்பு, இரத்தம் கசிதல், மேல் அண்ணத்தில் ஆறாத புண். சைனஸ் என்று எண்ணி மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக்கில் ஓட்டிவிடுகிறார்கள். இந்தக் கட்டி இரத்தக்குழாயை அடைத்துத் தன் திசுவையே அழுகச் செய்யும். அதனால் மேலாகச் சுரண்டிய துண்டில் செத்த திசு மட்டுமே வரும். அறிக்கையில் "அழுகிய திசு, புற்றுநோய் இல்லை" என்று வந்தால் நிம்மதி அடையாமல், ஆழத்திலிருந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். சிகிச்சையில் அஸ்பராஜினேஸ் என்ற மருந்து அடிப்படை. பழைய வகைக் கீமோ மருந்துகளை இந்த அணுக்கள் வெளியே தள்ளிவிடும். இந்த நோயில் ஜாக்3 மரபணு மாற்றங்களை 2012இல் அறிவித்தவர்கள் சிங்கப்பூர் ஆய்வாளர்கள்.

ஹெபடைட்டிஸ் பி பற்றி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களிடம் சிலவகை லிம்ஃபோமா சற்று அதிகம். ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பி அணு லிம்ஃபோமாவுக்கு ரிட்டுக்சிமாப் என்ற மருந்து பரவலாகத் தரப்படுகிறது. அது பி அணுக்களைத் துடைத்தெடுக்கும். பல ஆண்டுகளுக்கு முன் "குணமான" ஹெபடைட்டிஸ் பி உண்மையில் போய்விடுவதில்லை. கல்லீரல் அணுவின் உட்கருவில் அதன் டிஎன்ஏ சுருண்டு கிடக்கிறது. அதை அடக்கி வைத்திருந்த எதிர்ப்புரதத்தின் ஊற்று அந்தப் பி அணுக்கள்தான். ஊற்று வற்றினால் வைரஸ் விழிக்கும். கண் மஞ்சளாகும்போது கல்லீரல் வெகுவாகக் கெட்டிருக்கும். புற்றுநோய் கரைந்துகொண்டிருக்கும்போதே நோயாளி கல்லீரல் செயலிழந்து இறந்த கதைகள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் இதற்காகவே இந்த மருந்தின் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

இதை ஏறத்தாழ முழுக்கத் தடுக்க முடியும். முதல் டோஸுக்கு முன்பே இரண்டு பரிசோதனைகள் வேண்டும்: எச்பிஎஸ்ஏஜி (வைரஸின் மேற்புறப் புரதம்), ஆன்டி-எச்பிசி (வைரஸின் உட்பகுதிக்கு எதிராக உடல் செய்த எதிர்ப்புரதம்). முதலாவதை மட்டும் எடுத்து "நெகட்டிவ், பிரச்சினையில்லை" என்று விட்டுவிடுவதுதான் பெருந்தவறு. எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவாகவும் ஆன்டி-எச்பிசி பாசிட்டிவாகவும் இருந்தால் அது பழைய தொற்றின் தடம். இத்தகையவர்களுக்குத் தடுப்பு மாத்திரை இல்லாமல் ரிட்டுக்சிமாப் கொடுத்தால் பத்தில் ஒருவருக்கு அல்லது அதற்கும் மேல் வைரஸ் விழித்தெழுகிறது. எச்பிஎஸ்ஏஜியே பாசிட்டிவ் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

இரத்தமோ, கொடையாளிகளின் எதிர்ப்புரதங்களான இம்யூனோகுளோபுலினோ ஏற்றும் முன் இந்த மாதிரியை எடுக்க வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால், கொடையாளியின் எதிர்ப்புரதம் உங்கள் தாளில் பாசிட்டிவாகத் தெரியும்.

தடுப்பு மாத்திரை பொதுவாக என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர். என்டெகாவிர் வழக்கமாக நாளுக்கு 0.5 மி.கி.; வெறும் வயிற்றில், அதாவது சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்பு. படுக்கப்போகும் நேரம் பலருக்கும் தோதானது. சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் அளவு மாறும். கடைசி ரிட்டுக்சிமாப் முடிந்து குறைந்தது 12 மாதம் தொடர வேண்டும். சில மருத்துவர்கள் 18 மாதம் என்பார்கள். நிறுத்திய பிறகும் ஓர் ஆண்டு கல்லீரல் பரிசோதனை தொடர வேண்டும். கீமோ முடிந்த மகிழ்ச்சியில் "இனி எதற்கு மாத்திரை" என்று தாமாகவே நிறுத்துகிறவர்கள் உண்டு. ஆபத்து மிகுந்த காலமே அதுதான்.

சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 1987இலிருந்து போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருந்திருக்காது. இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது நாடு முழுதும் வந்தது 2011இல்தான். ஆகவே ஊரிலிருந்து இங்கு வேலைக்கு வந்த தம்பிகளும், பிள்ளைகளோடு இருக்க வந்த பெற்றோரும் "ஊசி போட்டிருப்பார்கள்" என்று எண்ணிவிட வேண்டாம்.

ஹெபடைட்டிஸ் சியைக் குணப்படுத்தினால் லிம்ஃபோமாவும் போகுமா?

சிலருக்குப் போகும். மண்ணீரலில் வரும் ஒருவகை மெதுவான லிம்ஃபோமா, வைரஸை ஒழித்ததும் கீமோ இல்லாமலே சுருங்கியதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2002இல் காட்டினார்கள். தூண்டுதல் நின்றால் அணுக்கள் ஓய்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. இன்றைய மாத்திரைகள் 8 முதல் 12 வாரத்தில் பெரும்பாலோரிடம் வைரஸை ஒழித்துவிடுகின்றன. வேகமாக வளரும் லிம்ஃபோமாவுக்கு இது போதாது, கீமோவும் வேண்டும். இரைப்பையில் வரும் மால்ட் லிம்ஃபோமாவும் இதே போலத்தான். அங்கே காரணம் வைரஸ் அல்ல, ஹெலிகோபேக்டர் என்ற பாக்டீரியா.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்கு ஏன் லிம்ஃபோமா வருகிறது?

உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்கத் தரும் மருந்து, ஈபிவியைக் காவல் காக்கும் டி அணுக்களையும் கட்டிப்போடுகிறது. ஈபிவியே தொற்றாத குழந்தைக்கு, அது தொற்றிய பெரியவரின் உறுப்பைப் பொருத்தும்போது ஆபத்து மிக அதிகம். முதல் ஆண்டில் கூடுதல் கவனம் வேண்டும். சிகிச்சையின் முதல் படி பெரும்பாலும் அந்த மருந்தைக் குறைப்பது. அதை நீங்களாகச் செய்யக் கூடாது. உறுப்பு போய்விடும்.

குழந்தைகளின் லுக்கேமியா வைரஸால் வருகிறதா?

இதற்கென்று எந்த ஒரு வைரஸும் கண்டுபிடிக்கப்படவில்லை. பிரிட்டிஷ் ஆய்வாளர் மெல் கிரீவ்ஸ் முன்வைத்த விளக்கம் இன்று பலராலும் ஏற்கப்படுகிறது. முதல் மரபணுப் பிழை கருவிலேயே நேர்கிறது. அது உள்ள குழந்தைகளில் மிகச் சிலருக்குத்தான் நோய் வருகிறது. இரண்டாவது பிழைக்குத் தூண்டுதல், முதல் ஆண்டில் போதிய கிருமிகளைச் சந்திக்காத எதிர்ப்பாற்றல், பிறகு சாதாரணத் தொற்று ஒன்றைக் கண்டு மிகையாகச் சீறுவது என்கிறார். கைக்குழந்தையிலேயே பாலர் பராமரிப்பு நிலையத்துக்குப் போன குழந்தைகளிடம் இந்த நோய் சற்றுக் குறைவு என்ற கண்டுபிடிப்பு இதோடு பொருந்துகிறது.

ஆகவே "பராமரிப்பு நிலையத்தில் விட்டதால்தான் வந்தது" என்று தன்னையே நொந்துகொள்ளும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சான்று அதற்கு நேர்மாறாக இருக்கிறது. தடுப்பூசியும் காரணமல்ல.

எச்டிஎல்வி-1?

தென்மேற்கு ஜப்பான், கரீபியத் தீவுகள், ஆப்பிரிக்காவின் சில பகுதிகள், மத்திய ஆஸ்திரேலியா ஆகியவற்றில் மிகுதி. 1980இல் கண்டறியப்பட்டது, மனிதனில் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் ரெட்ரோவைரஸ் (எச்ஐவி சேர்ந்த வைரஸ் இனம்). முக்கியமாகத் தாய்ப்பாலில் கடந்து, பல பத்தாண்டுகள் கழித்து டி அணு லுக்கேமியாவாக வெளிப்படும். தொற்றியவர்களில் 100க்கு 2 முதல் 5 பேருக்குத்தான். சிங்கப்பூர்த் தமிழருக்கு இது அரிது.

மைலோமா, லுக்கேமியா வகைகளான ஏஎம்எல், சிஎம்எல்?

இவற்றுக்கு நிறுவப்பட்ட வைரஸ் காரணம் இல்லை.

பூனைக்கு லுக்கேமியா வைரஸ் உண்டாமே?

உண்டு. 1964இல் கிளாஸ்கோவில் கண்டார்கள். அது மனிதருக்குத் தொற்றாது. வீவக வீடுகளில் 2024 செப்டம்பரிலிருந்து பூனை வளர்க்க அனுமதி உண்டு. வீட்டில் கீமோ எடுப்பவர் இருந்தால் மலத்தட்டை வேறொருவர் சுத்தம் செய்யட்டும். அங்கே பயம் வேறு கிருமிகளுக்கு.

தடுப்பூசி உண்டா?

ஹெபடைட்டிஸ் பிக்கு உண்டு. ஈபிவிக்கு இன்னும் இல்லை, ஆய்வில் இருக்கிறது. சிகிச்சையில் இருப்பவருக்குத் தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் கூடாது. வீட்டில் உள்ள மற்றவர்கள் ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்வது அவருக்கு ஒரு வேலி.

நிலவேம்புக் கஷாயம், சீந்தில் கொடுக்கலாமா?

வைரஸ் என்ற சொல்லைக் கேட்டதும் தேக்காவில் வாங்கி வந்துவிடுகிறார்கள். அன்புதான் காரணம், ஆனால் கீமோ காலத்தில் வேண்டாம். சீந்தில் எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பு இந்தியாவில் கொரோனா காலத்தில் பதிவானது. நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. கல்லீரல் நொதி ஏறினால் அது கஷாயமா, கீமோவா, விழித்தெழுந்த ஹெபடைட்டிஸ் பியா என்று பிரித்தறிய மருத்துவர் கீமோவை நிறுத்தி வைக்க நேரும். அந்தத் தாமதத்தில் புற்றுநோய்க்கு ஆதாயம். ஏற்கனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், புட்டியையே எடுத்துச் செல்லுங்கள்.

கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் "வைரஸ் காய்ச்சல்தானே" என்று காத்திருக்கலாமா?

கூடாது. கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500க்குக் கீழே இருக்கும்போது பாக்டீரியா சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். வெப்பமானியில் 38 டிகிரி செல்சியஸ் அல்லது மேலே காட்டினால், நடுநிசியானாலும், அவசரசிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். குளிர் நடுக்கமோ மயக்கமோ இருந்தால் 995ஐ அழையுங்கள்.

புறப்படும் முன் பனடால் கொடுக்காதீர்கள். மருத்துவமனை சேர்வதற்குள் காய்ச்சல் இறங்கி, பதிவு செய்யும் தாதி 37 என்று எழுதி, நீங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடுவீர்கள். முகப்பில் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: "இவருக்கு இரத்தப் புற்றுநோய், கீமோ முடிந்து இத்தனை நாள், வீட்டில் 38.4 இருந்தது." ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும் என்பது மருத்துவமனைகள் பின்பற்றும் இலக்கு. கீமோ அட்டையையும் மருந்துப் பட்டியலையும் கதவருகே ஒரு பையில் தயாராக வைத்திருங்கள். அதில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பு மாத்திரையும் இருக்கட்டும். வார்டில் சேர்த்துவிட்ட நாட்களில் விட்டுப்போகும் மாத்திரை பெரும்பாலும் அதுதான்.